ஹிப்னாடிசமும் மனநல சிகிச்சையும்: என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

"ஹிப்னாடிசம் பண்ணுவீங்களா?" என்று வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது போன் செய்கிறார்கள். நான் மருத்துவ உளவியலாளர். பதினெட்டு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும், மற்ற சிகிச்சைகளோடு சேர்த்து ஹிப்னாடிசத்தையும் பயன்படுத்துகிறேன். கேட்கிறவர்களில் பாதிப் பேரின் குரலில் பயம் இருக்கும். மீதிப் பேரிடம் அளவுக்கு மீறிய நம்பிக்கை இருக்கும். இரண்டுமே அவர்களைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய் விடுவதைப் பார்த்திருக்கிறேன். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

ஹிப்னாடிசம்னா என்ன? தூங்க வைக்கிறதா?

தூக்கம் இல்லை. ஹிப்னாடிசத்தில் இருப்பவரின் மூளை அலைகளை ஈ.ஈ.ஜி. எடுத்துப் பார்த்தால் அது விழித்திருப்பவரின் மூளைதான்.

கதை படிப்பதில் மூழ்கியிருக்கும்போது அடுப்படியில் மிக்ஸி ஓடுவது காதில் விழாமல் போகிறதே, பஸ்ஸில் ஏதோ யோசனையில் இருந்து இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிடுகிறோமே, அந்த நிலைக்குப் பக்கத்து வீடு இது. கவனம் ஓரிடத்தில் குவிகிறது. சுற்றியிருப்பவை பின்னுக்குப் போகின்றன. அப்போது சொல்லப்படும் யோசனைக்கு மனமும் உடலும் வழக்கத்தைவிட எளிதாக இணங்குகின்றன. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஹிப்னாடிசப் பிரிவு 2014-இல் வெளியிட்ட வரையறையிலும் இந்த மூன்றும்தான் இருக்கின்றன. அந்த யோசனையைத்தான் 'சஜெஷன்' என்கிறோம். புத்தகங்களில் 'கருத்தேற்றம்' என்று இருக்கும்.

பெயரால் வந்த குழப்பம் இது. மான்செஸ்டரில் இருந்த ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிரெய்டு என்ற அறுவை மருத்துவர் 1840-களில் உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்து இந்தப் பெயரைப் பரப்பினார். பிறகு அவரே அது பொருந்தவில்லை என்று கண்டு வேறு பெயர் வைக்கப் பார்த்தார். அதற்குள் பழைய பெயர் ஊர் முழுக்கப் போய்விட்டது. தமிழில் 'மனோவசியம்' என்ற சொல் இன்னும் மோசம். ஒருவர் இன்னொருவருக்கு அடிமையாவது போன்ற எண்ணத்தை அது தருகிறது. எனக்குப் பிடித்த சொல் 'அறிதுயில்'. பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாளின் உறக்கத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. எல்லாம் அறிந்தபடியே கொள்ளும் துயில். இதைவிடப் பொருத்தமான சொல்லை வேறு மொழியில் நான் பார்த்ததில்லை.

சுயநினைவு போயிடுமா? மனசில இருக்கிற ரகசியத்தை எல்லாம் உளறிடுவேனா?

போகாது. உளறவும் மாட்டீர்கள். நான் பேசுவது கேட்கும், வெளியே ஆட்டோ போவதும் கேட்கும். மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ளலாம். வேண்டாம் என்று தோன்றினால் கண்ணைத் திறந்து எழுந்து போகலாம். ஹிப்னாடிசத்தில் இருக்கும்போது பொய் சொல்லவும் முடியும். அதனால்தான் இது உண்மையை வரவழைக்கும் கருவியாகப் பயன்படாது.

டிவியில் பார்க்கும் 'உண்மை கண்டறியும் ஊசி'யோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது மருந்து செலுத்திச் செய்வது. 2010-இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த மாதிரி சோதனைகளை ஒருவரின் சம்மதம் இல்லாமல் நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது.

முழிக்காமலே போயிட்டா என்ன செய்வது?

அப்படி நடப்பதில்லை. பாதியில் நான் அறையை விட்டுப் போய்விட்டாலும், சிறிது நேரத்தில் நீங்களாகக் கண் திறப்பீர்கள். அசதியாக இருந்தால் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு எழுவீர்கள்.

மேடையில கூப்பிட்டு ஆட வைக்கிறாங்க, கத்த வைக்கிறாங்களே?

மேடைக்காரர் முதலில் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். கூட்டம் முழுவதற்கும் ஒரு சின்னப் பயிற்சி கொடுப்பார்: கையைக் கோத்துக்கொள்ளுங்கள், பிரிக்க முடியவில்லை என்று நினையுங்கள். அதில் நன்றாக இணங்கியவர்களைத்தான் மேலே கூப்பிடுவார். ஏறி வருகிறவர்களும் ஆடத் தயாராகத்தான் வருகிறார்கள். நூறு பேர் பார்க்கும்போது 'எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்லி இறங்க எல்லோருக்கும் தைரியம் வராது. சிகிச்சை அறையில் பார்வையாளர்கள் கிடையாது. யாரையும் எதையும் செய்ய வைப்பதும் அங்கே நோக்கம் இல்லை.

பஸ் ஸ்டாண்டில ஒரு பொம்பளை பேசிக்கிட்டே எங்க அம்மாவை வசியம் பண்ணி செயினைக் கழட்டி வாங்கிட்டுப் போயிட்டா. அது ஹிப்னாடிசம்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்காத மாதமே இல்லை. அம்மாவுக்கு நடந்தது மோசடி. 'உங்க வீட்டுல தோஷம் இருக்கு', 'நகையைத் துணியில முடிஞ்சு வைங்க' என்று பயத்தையும் அவசரத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்து யோசிக்கவே இடம் தராமல் செய்கிற வேலை. சில சமயம் குடிக்கக் கொடுத்ததில் மயக்க மருந்தும் கலந்திருக்கலாம். அம்மாவை உடனே காவல் நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். மயக்கமாக இருந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்கு.

ஒன்று சொல்ல வேண்டும். 'வசியம் பண்ணிட்டா' என்று சொல்வதற்குப் பின்னால் ஒரு கூச்சம் இருக்கிறது. நானாகவே கழற்றிக் கொடுத்தேன் என்று வீட்டில் சொன்னால் திட்டுவார்கள் என்ற பயம் அது. அவரைத் திட்டாதீர்கள். ஏமாற்றுகிறவர்கள் படித்தவர்களையும் இதே வேகத்தில் ஏமாற்றுகிறார்கள்.

இது அறிவியல்தானா? எங்கேயிருந்து வந்தது?

தொடக்கம் அறிவியல் இல்லை. வியன்னாவில் படித்த ஃபிரான்ஸ் மெஸ்மர் என்ற மருத்துவர், உடலுக்குள் காந்தம் போன்ற ஒரு திரவம் ஓடுகிறது, அது தடைபட்டால் நோய் வருகிறது, என் கையசைவால் அதைச் சரிசெய்கிறேன் என்று பாரிஸில் பெரிய கூட்டத்தைச் சேர்த்தார். 1784-இல் பிரெஞ்சு மன்னர் ஒரு விசாரணைக் குழு அமைத்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியலாளர் லவாய்சியரும் அதில் இருந்தார்கள். காந்தம் பாய்ச்சியதாகச் சொன்ன மரம் எது என்று தெரியாத ஒரு சிறுவன் வேறு மரத்தடியில் நின்றே மயங்கி விழுந்ததைக் குழு பார்த்தது. திரவமும் இல்லை, காந்தமும் இல்லை, நடந்ததெல்லாம் கற்பனையின் வேலை என்று அறிக்கை கொடுத்தது. மெஸ்மரின் பெயர் அதோடு சரிந்தது. ஆனால் வெறும் கற்பனையால் உடல் இந்த அளவுக்கு மாற முடியும் என்றால் அது எப்படி என்று குழுவில் யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்த அறிக்கையில் குறையாகத் தெரிவது அதுதான்.

அதைக் கேட்டவர்களில் ஒருவர் நம் நாட்டவர். கோவாவின் கண்டோலிமில் 1756-இல் பிறந்த அபே ஃபாரியா என்ற பாதிரியார். 1813 வாக்கில் பாரிஸில் மக்கள் முன்னால் செய்து காட்டியவர். என் கையில் எந்தச் சக்தியும் இல்லை, எல்லாம் உங்கள் மனதிலிருந்தே வருகிறது என்றார். இன்று நாங்கள் நோயாளியிடம் முதல் நாள் சொல்வதும் இதுதான். பனாஜிக்குப் போனால் அவருடைய சிலையைப் பார்க்கலாம்.

இந்தியாவோடு இன்னொரு தொடர்பும் உண்டு. அதைப் பெருமையாக மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் 1845-இல் வங்கத்தின் ஹூக்ளியில் ஒரு கைதிக்கு இந்த முறையில் வலியை மரக்க வைத்து அறுவை செய்தார். ஈதரும் குளோரோஃபார்மும் இன்னும் வராத காலம். பிறகு, யானைக்கால் நோயால் வந்த பெரிய பெரிய கட்டிகளை அகற்றினார். பெரிய அறுவைகளே சுமார் 300 என்கிறார்கள். 1846-இல் கல்கத்தாவில் இதற்கென ஒரு மருத்துவமனையே கிடைத்தது. அவருடைய பெயர் வரலாற்றில் நின்றது. நோயாளியின் பக்கத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து கையசைத்து மரக்க வைத்தவர்கள் அவருடைய இந்திய உதவியாளர்கள். அறுக்கப்பட்டவர்கள் கைதிகளும் ஏழைகளும். அவர்களிடம் யார் சம்மதம் கேட்டிருப்பார்கள்? இன்று சம்மதப் படிவத்தை நீட்டும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

குளோரோஃபார்ம் வந்ததும் அறுவை அறையில் இதற்கு வேலை குறைந்தது. ஃபிராய்டு கொஞ்ச காலம் ஹிப்னாடிசத்தைப் பயன்படுத்திவிட்டுக் கைவிட்டார். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1955-இலும் அமெரிக்க மருத்துவச் சங்கம் 1958-இலும் பயிற்சி பெற்றவர் கையில் இதற்கு மருத்துவத்தில் இடமுண்டு என்று ஏற்றுக்கொண்டன.

நோயாளி நடிக்கலைன்னு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. ஆய்வாளர்களும் இதே சந்தேகத்தோடுதான் தொடங்கினார்கள்.

ஒரு சோதனையைச் சொல்கிறேன், வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பச்சை மையால் 'சிவப்பு' என்று எழுதுங்கள். எழுதியதைப் படிக்காமல், மையின் நிறத்தை மட்டும் உடனே சொல்லுங்கள். நாக்கு தடுமாறும். படிக்கத் தெரிந்த யாராலும் படிக்காமல் இருக்க முடியாது என்பதால் வரும் தடுமாற்றம் இது. எளிதில் ஹிப்னாடிசத்துக்கு இணங்குகிறவர்களிடம், திரையில் வருபவை பொருளில்லாத வேற்று மொழிக் கிறுக்கல்களாகவே தெரியும் என்று முன்கூட்டியே சஜெஷன் கொடுத்துவிட்டுச் சோதித்தார்கள். அமீர் ராஸ் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு அது. அவர்களிடம் அந்தத் தடுமாற்றமே காணாமல் போனது. நடிப்பால் செய்து காட்டக் கூடியது அல்ல இது.

வலியிலும் அப்படித்தான். 1997-இல் பியர் ரான்வில் குழுவினர், கையைச் சூடான நீரில் வைத்தவர்களுக்கு 'வலி அவ்வளவு தொந்தரவாக இல்லை' என்று சஜெஷன் கொடுத்து மூளையைப் படமெடுத்தார்கள். வலி தரும் வேதனையோடு தொடர்புள்ள முன் சிங்குலேட் பகுதியில் மாற்றம் தெரிந்தது. தொடு உணர்ச்சியைப் பதிவு செய்யும் பகுதி பெரிதாக மாறவில்லை. வலி இருக்கிறது, ஆனால் அது என்னைப் படுத்தவில்லை. என்னிடம் வருகிறவர்கள் சொல்லும் வார்த்தையும் அதுதான்: "இருக்கு மேடம், ஆனா தள்ளி இருக்கு."

எந்தெந்தப் பிரச்சினைக்கு உதவும்?

பதற்றம், குறிப்பிட்ட பயங்கள் (ஊசி, பல் டாக்டர், லிஃப்ட், தேர்வு, மேடை), நாள்பட்ட வலி, மனம் கலங்கினால் வயிறும் கலங்குகிற குடல் நோய்கள், அறுவைக்கு முந்தைய அச்சம். இவற்றில் நான் தயங்காமல் பயன்படுத்துவேன். பதற்றத்தைக் குறித்து 2019-இல் வந்த, பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், ஹிப்னாடிசம் பெற்ற சராசரி நபர் பெறாதவர்களில் சுமார் 79 சதவீதம் பேரைவிட நன்றாகத் தேறியிருந்தார். மற்ற உளவியல் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது பலன் இன்னும் கூடியது.

அந்தச் சேர்த்துக் கொடுப்பதுதான் முக்கியம். 1995-இல் இர்விங் கிர்ஷ் குழுவினர் 18 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். சி.பி.டி. எனப்படும், எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையோடு ஹிப்னாடிசமும் பெற்றவர்களில் சராசரி ஆள், சி.பி.டி. மட்டும் பெற்றவர்களில் 70 சதவீதம் பேரைவிட நன்றாக இருந்தார். அந்தக் கணக்கைப் பிறகு விமர்சித்தவர்களும் உண்டு. ஆனால் என் அறையில் நான் பார்ப்பது அதோடு ஒத்துப்போகிறது. ஹிப்னாடிசம் உப்பு மாதிரி. சோற்றோடு சேர்ந்தால் ருசி. தனியாக அள்ளிச் சாப்பிட முடியாது.

குடல் நோய்க்கு மான்செஸ்டர் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அடிக்கடி வயிற்று வலி, உப்புசம், பேதி அல்லது மலச்சிக்கல், எல்லா ஸ்கேனும் நார்மல் என்று அலைகிறவர்களுக்கு ஐ.பி.எஸ். என்று டாக்டர் எழுதியிருப்பார். எந்த மருந்துக்கும் கேட்காத அப்படிப்பட்ட 30 பேரை வைத்துப் பீட்டர் வோர்வெல் குழுவினர் அங்கே செய்த ஆய்வு 1984-இல் வந்தது. ஹிப்னாடிசம் பெற்ற பாதிப் பேர் மிக நன்றாகத் தேறினார்கள். எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 12 மாதம் மருந்து எடுத்தும் குணமாகாதவர்களுக்குப் பரிசீலிக்க வேண்டியவற்றில் இதுவும் இருக்கிறது. வயிறும் மனமும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்பவை என்பது நமக்குப் புதிதல்ல. 'வயிற்றைக் கலக்குகிறது', 'அடிவயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள்தானே நாம்.

அறுவைக்கு முன்பு செய்வதில் 2007-இல் நியூயார்க்கில் நடந்த ஆய்வு என் மனதில் நிற்கிறது. மார்பக அறுவைக்குக் காத்திருந்த 200 பெண்கள். பாதிப் பேரோடு உளவியலாளர் 15 நிமிடம் சும்மா பேசினார். பாதிப் பேருக்கு 15 நிமிட ஹிப்னாடிசம். இரண்டாம் கூட்டத்துக்கு வலி, குமட்டல், அசதி, மனக்கலக்கம் எல்லாமே குறைவு. மயக்க மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. வெறும் 15 நிமிடம்! நம் ஊர் புற்றுநோய் வார்டுகளில் காத்திருக்கும் நேரத்தில் இதைச் செய்ய முடியாதா என்ற ஏக்கம் எனக்குப் பல வருடமாக இருக்கிறது.

மனச்சோர்வுக்குத் துணையாக உதவலாம். முதல் சிகிச்சை அது இல்லை. தூக்கமின்மைக்குச் சிலருக்குப் பலன் தெரிகிறது. ஆனால் தூக்கத்துக்கான சி.பி.டி.யைத்தான் முதலில் முயல்வேன். சிகரெட்டை விட வேண்டும் என்று ஹிப்னாடிசம் கேட்டு வருகிறவர்கள் அதிகம். 2019-இல் காக்ரேன் அமைப்பு 14 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், மற்ற முறைகளைவிட இது மேல் என்று சொல்லத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. 'ஒரே சிட்டிங்கில் குடியை மறக்க வைக்கிறோம்' என்று சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்தால் கடந்து போய்விடுங்கள்.

யாருக்குச் செய்யக்கூடாது?

காதில் குரல் கேட்கிறது, யாரோ என்னைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு, அதாவது மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்களுக்குச் செய்ய மாட்டேன். ஏற்கெனவே வெளியிலிருந்து ஒரு குரல் ஆட்டி வைக்கிறது என்று நம்புகிறவர் முன்னால் இன்னொரு குரலாக நான் போய் உட்காரக் கூடாது. அதீத உற்சாக நிலையில் இருப்பவர்களுக்கும் குடியை நிறுத்தி நடுக்கத்தில் இருப்பவர்களுக்கும் வேண்டாம். வலிப்பு உள்ளவர்கள் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் வரக் கூடாது.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால் ஹிப்னாடிசத்துக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

எனக்கு வேலை செய்யுமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஆளுக்கு ஆள் இது மாறும். பத்தில் ஒருவர் அல்லது ஒன்றரைப் பேர் மிக எளிதில் ஆழமாகப் போவார்கள், கிட்டத்தட்ட அதே அளவு பேருக்குப் பெரிதாக ஒன்றும் நடக்காது, மற்றவர்கள் நடுவில். இதை அளக்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1959-இல் உருவாக்கிய அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அங்கே மாணவர்களாக இருந்தபோது சோதிக்கப்பட்ட 50 பேரை 25 ஆண்டு கழித்துத் திரும்பச் சோதித்தார்கள். பெரும்பாலும் அதே மதிப்பெண்தான் வந்தது. உயரம் மாதிரி, நம்மோடு கூடவே இருக்கிற ஒன்று.

'மன உறுதி இல்லாதவங்களுக்குத்தான் இது நடக்கும்' என்பது தப்பு. கற்பனையில் கரைந்து போகத் தெரிந்தவர்களுக்கு நன்றாக நடக்கும். கதை கேட்டால் கண் முன்னால் பார்க்கிறவர்கள், பாட்டு கேட்டால் மெய்சிலிர்க்கிறவர்கள். குறைவாக இணங்குகிறவர் என்று தெரிந்தால் வருந்த ஒன்றுமில்லை. வேறு வழியில் போவோம்.

ஒரு சிட்டிங்கில என்ன நடக்கும்?

முதல் நாள் ஹிப்னாடிசமே நடக்காது. பேச்சுதான். என்ன தொந்தரவு, எப்போதிருந்து, என்ன மருந்து, தைராய்டு பார்த்தாச்சா, வீட்டில் யார் யார், எதைக் கண்டால் பயம். இந்த ஒரு மணி நேரத்தை அவசரமாக முடிக்கிறவரிடம் போகாதீர்கள்.

இரண்டாம் சிட்டிங்கில் சாய்ந்து உட்காரச் சொல்வேன். படுக்கத் தேவையில்லை. கண்ணை ஒரு புள்ளியில் நிறுத்தவோ மூச்சைக் கவனிக்கவோ சொல்வேன். பாதத்திலிருந்து நெற்றி வரை உடம்பைத் தளர விடச் சொல்வேன். பிறகு ஆழப்படுத்துவது: எண்ணிக்கொண்டே படி இறங்குவது போல, அல்லது உங்களுக்குப் பிடித்த ஓர் இடத்துக்குள் நடப்பது போல. அதன்பின் எதற்காக வந்தீர்களோ அந்தச் சஜெஷன். கடைசியில் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணி வெளியே கொண்டுவருவேன். தள்ளாட்டம் இல்லை என்று உறுதியான பிறகுதான் வண்டி ஓட்ட விடுவேன். சிலருக்குச் சிறிது தலைவலியோ கிறுகிறுப்போ இருக்கும், போய்விடும். மொத்தம் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். பிரச்சினையைப் பொறுத்து ஆறு முதல் பன்னிரண்டு சிட்டிங் ஆகலாம்.

பிடித்த இடம் என்று சொன்னேனே, அதைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு தவறிலிருந்து கற்றேன். ஆரம்ப காலத்தில் ஒருவருக்குக் கேட்காமலே 'குளத்துப் படியில் மெல்ல இறங்குகிறீர்கள்' என்று தொடங்கினேன். மூன்றாவது படியிலேயே அவர் முகம் வெளிறியது. உடனே நிறுத்தினேன். சிறு வயதில் கூடப் பிறந்தவரைக் குளத்தில் பறிகொடுத்தவர் அவர். அன்றிலிருந்து படியா, வயல் வரப்பா, மொட்டை மாடியா, பாட்டி வீட்டுத் திண்ணையா என்று முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறேன்.

மொழியையும் சொல்ல வேண்டும். பயிற்சியில் எங்களுக்குக் கிடைத்த வாசகங்கள் எல்லாம் ஆங்கிலம். அதை அப்படியே தமிழாக்கி 'உங்கள் தசைகள் தளர்வடைகின்றன' என்று சொன்னபோது, எதிரே இருந்தவர் பாடப் புத்தகம் கேட்பவர் போல விறைப்பாகவே இருந்தார். 'தோளை அப்படியே விட்ருங்க, கை பாட்டுக்குக் கெடக்கட்டும்' என்றதும் தோள் இறங்கியது. அம்மா தாலாட்டிய மொழியில் சொன்னால்தான் உடம்பு கேட்கிறது. நெல்லைக்காரருக்கு நெல்லைப் பேச்சு, கோவைக்காரருக்குக் கொங்குப் பேச்சு. முடிந்தவரை முயல்கிறேன்.

மறந்துபோன சின்ன வயசு ஞாபகத்தை வெளியே கொண்டுவர முடியுமா?

கொண்டுவர முயலவே மாட்டேன். அது ஆபத்தான வேலை. நினைவு என்பது பீரோவில் பூட்டி வைத்த ஆல்பம் போல இல்லை; ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது. அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், 'சிறு வயதில் நீ கடைவீதி வளாகத்தில் தொலைந்து போனாய்' என்ற நடக்காத கதையை உறவினர் சொன்னதாக 24 பேரிடம் சொன்னார்கள். ஹிப்னாடிசம் ஏதும் இல்லாமலே அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் அது நடந்ததாக முழுமையாகவோ ஓரளவோ நினைவுகூர்ந்தார்கள். ஹிப்னாடிசத்தில் கற்பனை இன்னும் தெளிவாக இருக்கும். அதைவிட முக்கியமாக, தப்பான நினைவின் மேல் நம்பிக்கையும் கூடிவிடும். 1980-களிலும் 90-களிலும் அமெரிக்காவில் இப்படிக் 'கிளறி எடுத்த' நினைவுகளால் பெற்றோர் மீது பழி விழுந்து பல குடும்பங்கள் உடைந்தன.

நீங்கள் மறக்காமல் சுமந்துகொண்டிருக்கும் கொடுமை வேறு விஷயம். அதை நம்புகிறேன். அதற்கான முறையான சிகிச்சைகள் இருக்கின்றன. அவற்றில் மனதை அமைதிப்படுத்தும் பகுதிக்கு மட்டும் ஹிப்னாடிசத்தைச் சேர்த்துக்கொள்கிறோம்.

முற்பிறவி பார்த்துச் சொல்வீங்களா?

இல்லை. மறுபிறவியை நம்புவது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் ஹிப்னாடிசத்தில் வரும் காட்சி அதற்குச் சாட்சி ஆகாது. 1952-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பெண் ஹிப்னாடிசத்தில் தன்னைப் பழங்கால அயர்லாந்துப் பெண்ணாகச் சொன்னார், நாடே பேசியது. அவர் சிறுமியாக இருந்தபோது எதிர்வீட்டில் ஐரிஷ் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் இருந்ததைப் பத்திரிகைகள் பிறகு கண்டுபிடித்தன. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. கேட்ட கதைகள் மனதில் கிடந்தன, உருவம் எடுத்து வந்தன. 'போன ஜென்மத்துல உங்க மாமியார் உங்களைக் கொன்னவங்க' என்று ஒரு பெண்ணிடம் யாரோ சொல்லி அனுப்பி, அந்த வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுபோனதைப் பார்த்தவள் நான்.

சாமியாடுறதும் இதுவும் ஒண்ணா?

உறவுக்காரர்கள் என்று சொல்லலாம். உடுக்கைச் சத்தமும் கூட்டமும் எதிர்பார்ப்பும் சேர்ந்து கவனத்தை ஓரிடத்தில் குவிப்பது இரண்டிலும் இருக்கிறது. ஆனால் சாமியாடுவதற்கு ஊரும் சடங்கும் பொருள் தருகின்றன. அதை நோய் என்று நான் சொல்ல மாட்டேன். திருவிழா முடிந்தும் அடிக்கடி தன்னிலை மறந்து விழுகிறார், வேலைக்குப் போக முடியவில்லை என்றால் மட்டும் அழைத்து வாருங்கள்.

ஹிப்னாடிசம் ஆரம்பிச்சா மாத்திரையை நிறுத்திடலாமா?

கூடாது. மாத்திரையை எழுதியவர்தான் அதைக் குறைக்கவும் நிறுத்தவும் சொல்ல வேண்டும். அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய்க்கு ஒழுங்காக மருந்து எடுத்து நன்றாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர், 'ஆழ்மனதைச் சரி செய்துவிட்டோம், இனி மாத்திரை தேவையில்லை' என்று ஓரிடத்தில் சொன்னதை நம்பி நிறுத்தினார். ஆறு வாரத்தில் வார்டில் சேர்க்க வேண்டியதாயிற்று. அவருடைய மனைவி என் முன்னால் உட்கார்ந்து அழுததை மறக்க முடியவில்லை. இந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்று தோன்றியதே அன்றைக்குத்தான்.

யார்கிட்ட போகணும்? ஊர்ல நிறைய பேர் போர்டு வச்சிருக்காங்க.

ஹிப்னாடிசம் தெரிந்தவரைத் தேடாதீர்கள். உங்கள் நோயைத் தெரிந்தவரைத் தேடுங்கள். அவருக்கு ஹிப்னாடிசமும் தெரிந்திருந்தால் நல்லது. ஹிப்னாடிசம் இல்லாமல் ஒரு நோய்க்குச் சிகிச்சை தரத் தெரியாதவர், ஹிப்னாடிசத்தாலும் அதற்குச் சிகிச்சை தரக் கூடாது. என்னைப் பயிற்றுவித்தவர்கள் முதல் வகுப்பில் சொன்னது இது.

மத்திய சுகாதார அமைச்சகம் 2003-இல் ஹிப்னோதெரபியை ஒரு சிகிச்சை முறையாக ஏற்று, தகுந்த பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே செய்யலாம் என்றது. தனி மருத்துவமுறை என்று சொல்லவில்லை. வார இறுதி வகுப்பில் கிடைத்த சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதால் ஒருவர் மனநல நிபுணர் ஆகிவிட மாட்டார். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு மனநலத்தில் மேற்படிப்பு முடித்திருப்பார். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், எல்லோரும் ஆர்.சி.ஐ. என்பார்களே அதில், பதிவு எண் இருக்கும். கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டணம் பெரிய தடை என்பது தெரியும். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும், சென்னையில் இருப்பவர்கள் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் முதலில் காட்டலாம். அங்கே ஹிப்னாடிசம் கிடைக்காமல் போகலாம். சரியான நோயறிதல் கிடைக்கும். அது இல்லாமல் மற்றது எதுவும் பயனில்லை.

பெண்களுக்கு: சிகிச்சைக்காக உங்களைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. துணைக்கு ஒருவரை அறையிலோ வாசலிலோ உட்கார வைக்கலாமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அங்கே வேண்டாம்.

குழந்தைகளுக்குச் செய்யலாமா?

செய்யலாம், பெரியவர்களைவிட அவர்களுக்கு எளிது. எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை கற்பனை உச்சத்தில் இருக்கும். ரத்தம் எடுக்க அலறுகிற பிள்ளைக்குக் கையில் கண்ணுக்குத் தெரியாத உறை மாட்டிவிட்டு, மரக்க வைக்கும் மருந்தில்லாமலே ஊசி போட்டிருக்கிறோம். 'படிப்புல கவனம் வர வச்சிருங்க' என்று கேட்டு வரும் பெற்றோரிடம் மட்டும், முதலில் கண்ணையும் காதையும் கற்றல் குறைபாட்டையும் சோதித்துவிட்டு வாருங்கள் என்பேன்.

யூடியூப்ல கேட்டா போதாதா?

தூங்கும் முன் உடம்பைத் தளர்த்திக்கொள்ள நல்ல ஒலிப்பதிவு உதவும், தப்பில்லை. வண்டி ஓட்டும்போது கேட்காதீர்கள். நோய்க்கு அது போதாது, அது உங்கள் முகம் வெளிறுவதைப் பார்க்காது. நானே சிட்டிங்குகளைப் பதிவு செய்து வீட்டில் கேட்கக் கொடுக்கிறேன். நாளாக ஆகப் பதிவில்லாமல் நீங்களே செய்யப் பழகிவிடுவீர்கள்.

முதல் நாள் என்ன கொண்டுவரணும்?

பழைய சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தால் அதுவும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் வேண்டாம், வெறும் வயிற்றோடும் வேண்டாம். கண்ணாடி போடுகிறவர்கள் பெட்டியையும் எடுத்து வாருங்கள், கழற்றி வைக்க. வரும் வழியில், மனதுக்கு அமைதியான ஓர் இடத்தை நினைத்து வையுங்கள். முதலில் அதைத்தான் கேட்பேன்.